லுணுகலை: கடதாசிக்கு ஒரு கல்யாணமா?

பதுளையிலிருந்து செங்கலடி வரை நீளும் நெடுஞ்சாலையில், பசறையைத் தாண்டி, பிபிளைக்கு இறங்குவதற்கு முன்னால் வரும் சிறு பட்டணம் லுணுகலை. பதுளையிலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். சிங்களத்தில் ‘லுணு’ என்றால் உப்பு, ‘கல’ என்றால் கல். கடலுக்கு வெகு தொலைவில், மலைமேல் இருக்கும் ஊருக்கு உப்பின் பெயர் வந்திருப்பது வேடிக்கைதான்.

இந்தப் பாதையில் பஸ்ஸில் போகிறவர்கள் வாய்க்குள் துஆ ஓதிக்கொண்டுதான் போவார்கள். ஒரு பக்கம் மலைச்சுவர், மறு பக்கம் பள்ளம். 2021 மார்ச் மாதம் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ்ஸொன்று பசறையில் பதின்மூன்றாம் மைல்கல் அருகே பள்ளத்தில் பாய்ந்து பத்துப் பேருக்கு மேல் உயிரிழந்ததை நாடே அறியும். அந்த இடத்தைக் கடக்கும்போது இன்றும் பஸ்ஸுக்குள் பேச்சுக் குறைந்துவிடுகிறது.

மேலே தேயிலை, கீழே இறங்க இறங்க மிளகுக் கொடியும் வயலும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவா மலைகளில் வறண்ட கச்சான் காற்று வீசும். அந்தக் காற்றில் கொழுந்து சற்றுச் சுருங்கி வாடுவதால்தான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மணம் என்பார்கள். தோட்டங்களில் தமிழர், கிராமங்களில் சிங்களவர், கடைத்தெருவில் முஸ்லிம்கள் என்று மூன்று சமூகமும் தோளோடு தோள் உரசி வாழும் ஊர் இது. பாங்கு ஒலியும் கோயில் மணியும் பன்சலையின் பிரித் ஓசையும் ஒரே காற்றில் கலந்து வருகின்றன.

இந்த ஊரில் அஸருக்குப் பின் பெண்களுக்கான மார்க்க நிகழ்ச்சியொன்றில் பேசும் வாய்ப்பு, அல்ஹம்துலில்லாஹ், எனக்குக் கிடைத்தது. பேச்சு முடிந்ததும் திரைக்கு அப்பாலிருந்து கேள்விச் சீட்டுகள் வரும். தொழுகை, ஸகாத், இத்தா, சீதனம் என்று வழக்கமான கேள்விகளுக்கு நடுவே ஒரு சீட்டு. பென்சிலால் எழுதியிருந்தது.

‘மகன் லண்டனில் ஸ்டூடண்ட் விசாவில் படிக்கிறான். விசா முடியப் போகிறது. அந்நாட்டுப் பெண்ணொருத்தியைப் பெயருக்குக் கல்யாணம் முடித்தால் நிரந்தர வதிவிடம் எடுக்கலாமாம். பிறகு பிரிந்துவிடலாமாம். இங்கே அவனுக்கு மனைவியும் குழந்தையும் உண்டு. மருமகளுக்கு இன்னும் தெரியாது. இது கூடுமா?’

அதைச் சபையில் வாசிக்கவில்லை. எழுதிய தாய்க்கு மட்டும் ஓர் ஓரமாகப் பதில் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் இந்தக் கேள்வி அந்த ஒரு வீட்டின் கேள்வி அல்ல. பெயரில்லாமல், ஊரில்லாமல், பலருக்கும் பயன்பட இங்கே எழுதுகிறேன்.

இந்த மண்ணுக்குப் புதிதல்ல

அன்று மஃரிபுக்குப் பின், தோட்டப் பாடசாலையில் கற்பித்து ஓய்வு பெற்ற ஒரு தமிழ் ஆசிரியரோடு தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். சீட்டைப் பற்றிச் சொல்லாமல், பொதுவாக, “கடதாசிக்காகக் கல்யாணம் முடிக்கிறார்களாமே, மாஸ்டர்?” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

“எங்களுக்கு அது பழைய கதை, மௌலவி. அந்தக் காலத்துல பொண்ணு பார்க்க வர்றவங்க ஜாதகம் கேட்கிறதுக்கு முந்தி, பிரஜாவுரிமை இருக்கான்னு கேட்டாங்க. எங்க அக்காவுக்கு மாப்பிள்ளை வழியா இந்தியா வந்திச்சு. எனக்கு இலங்கை. தலைமன்னாருக்கு ரயில் ஏத்திவிட்டதோட சரி. அம்மா சாகிற வரைக்கும் அவளைப் பார்க்கல.”

மாஸ்டர் சொன்னதன் பின்னணியை நம் இளைய சகோதரிகள் அறிந்திருக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர் பெரும்பாலோர் ஒரே அடியில் நாடற்றவர் ஆனார்கள். அடுத்த ஆண்டு இந்தியர், பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. பெயரே சொல்வதுபோல், தோட்டத் தொழிலாளரை மட்டுமல்ல, கரையிலிருந்து வந்து கடை வைத்திருந்த நம் வியாபாரிகளையும் அது தொட்டது. அந்தச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. திருமணமாகாதவர் 1946க்கு முன் தொடர்ந்து 10 ஆண்டுகள் இங்கே வசித்ததாகக் காட்ட வேண்டும். திருமணமானவருக்கு 7 ஆண்டுகள் போதும். ஆனால் மனைவியும் சிறு பிள்ளைகளும் இங்கேயே வாழ்ந்ததாகவும் காட்ட வேண்டும். மனைவி ஊருக்குப் போய் அங்கே தங்கிவிட்டிருந்தால் கணவனின் விண்ணப்பமும் ஆட்டங்கண்டது. அப்போதே ஒரு பெண் எங்கே இருக்கிறாள் என்பதை வைத்து ஒரு குடும்பத்தின் உரிமை அளக்கப்பட்டது.

பிறகு 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதர்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். மிச்சம் ஒன்றரை இலட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதி 75 ஆயிரமாகப் பிரித்தார்கள். கணக்கு நேராகத்தான் வந்தது. ஆனால் லயங்களில் தாய் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம் ஆனாள். தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஏறியவர்களில் எத்தனையோ பேர் இந்தியாவைக் கண்ணாலும் கண்டிராதவர்கள். 1984இல் கப்பலும் நின்றுபோயிற்று. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 1988இலும், இறுதியாக 2003இலும் வந்த சட்டங்கள்தான் வழி காட்டின.

2003இல் இன்னொரு மாற்றமும் வந்தது. அதற்கு முன் திருமணமான தாயின் வழியாகப் பிள்ளைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வராது, தந்தை வழியாகத்தான் வரும். அந்த ஆண்டின் திருத்தத்துக்குப் பின் தாய், தந்தை இருவரில் எவர் வழியாகவும் வரும். வெளிநாட்டுக்காரரைக் கைப்பிடித்த எத்தனையோ இலங்கைப் பெண்களின் கண்ணீரைத் துடைத்த திருத்தம் அது.

இந்த மலைகளுக்குக் கடதாசியின் கனம் தெரியும். இங்குள்ள தாய், “பிள்ளைக்கு ஒரு நாட்டின் உரிமை கிடைத்தால் போதும்” என்று ஏங்குவதை நாம் பேராசை என்று தள்ளிவிட முடியாது.

பிள்ளைகள் ஏன் அங்கே நிற்கப் பார்க்கிறார்கள்?

2022இல் நம் ரூபாய் சரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாயைத் தொட்டது. கடன் வாங்கி, நகை விற்று, காணியை ஈடு வைத்துப் பிள்ளையை அனுப்பியவர்களின் சுமை ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று. படிப்பு முடிந்து பிள்ளை திரும்பி வந்தால், இங்கே கிடைக்கும் சம்பளத்தில் கடனின் வட்டியும் அடையாது. படிப்பு விசா என்பது படிப்பதற்கு மட்டுமே. அதன் பின் சிறிது காலம் வேலை செய்ய அனுமதி கிடைக்கும். அதுவும் தீர்ந்தால் வீட்டுக்கு வர வேண்டும். மேலும் 2024 ஜனவரி முதல் பிரித்தானியாவில், ஆராய்ச்சிப் படிப்பு போன்ற சிலவற்றைத் தவிர, மற்ற மாணவர்கள் மனைவி மக்களை உடன் அழைத்துக்கொள்ள முடியாது என்றாகிவிட்டது. தனிமை, கடன், கெடு நெருங்கும் திகதி. இந்த மூன்றும் சேரும் இடத்தில்தான் ஒரு நண்பனோ ஒரு தரகரோ வந்து, “ஒரு கையெழுத்துத்தானே” என்கிறான்.

படிக்கப் போன இடத்தில் ஒருவருக்கு உண்மையான திருமணம் அமையலாம். அதில் தவறு எதுவுமில்லை. அதைப் பல நாடுகளின் சட்டமும் ஏற்கிறது. மாணவனாகப் போன ஒருவர் அங்குள்ள குடிமகளை மணந்து, நாட்டை விட்டு வெளியேறாமலே வாழ்க்கைத்துணை விசாவுக்கு மாற விண்ணப்பிக்க முடியும். ஆனால் கையெழுத்திட்ட மறுநாள் நிரந்தர வதிவிடம் கிடைத்துவிடும் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல.

பிரித்தானியாவில் துணை விசாவில் வழக்கமாக ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்பே நிரந்தரத் தங்கலுக்கு விண்ணப்பிக்கலாம். 2024 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 29,000 பவுண் வருமானம் காட்ட வேண்டும் என்றும் விதித்தார்கள். அங்கே நிரந்தர உரிமை இல்லாத ஒருவர் திருமணப் பதிவுக்கு அறிவித்தல் கொடுத்தால், பதிவாளர் அதை உள்துறை அமைச்சுக்குத் தெரிவிப்பார். 28 நாள் காத்திருப்பை 70 நாளாக நீட்டி விசாரிக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அவுஸ்திரேலியாவில் முதலில் தற்காலிக விசா. விண்ணப்பித்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பின்பே, உறவு நிலைத்திருக்கிறதா என்று பார்த்து நிரந்தரம் தருவார்கள். அமெரிக்காவில், திருமணமாகி இரண்டு ஆண்டு ஆவதற்குள் கிடைக்கும் வதிவிடம் நிபந்தனையோடு கூடியது. இரண்டு ஆண்டின் முடிவில் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து விண்ணப்பித்து நிபந்தனையை நீக்க வேண்டும். 1986இல் வந்த சட்டம் இது. கடதாசித் திருமணம் என்று நிரூபணமானால் ஐந்து ஆண்டு வரை சிறையும், 2 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் வரை அபராதமும் விதிக்கலாம்.

கனடாவின் அனுபவம் நமக்குப் பாடம். அங்கே 2012இல், வாழ்க்கைத்துணை மூலம் வருபவர் இரண்டு ஆண்டு சேர்ந்து வாழ்ந்தால்தான் வதிவிடம் நிலைக்கும் என்ற விதியைக் கொண்டுவந்தார்கள். பொய்த் திருமணத்தைத் தடுப்பதே நோக்கம். நடந்தது என்ன? அடி உதை பட்ட பெண்கள்கூட, பிரிந்தால் வதிவிடம் போய்விடுமே என்று வாய் மூடிக் கிடந்தார்கள். 2017 ஏப்ரலில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். விசாவின் கயிறு கணவன் கையில் இருந்தால், மனைவியின் மூச்சும் அவன் கையில்தான். இதனால்தான் அமெரிக்காவில் 1994 முதல் கொடுமைக்கு ஆளான துணை தானே தனித்து விண்ணப்பிக்க வழி உண்டு. பிரித்தானியா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளிலும் குடும்ப வன்முறைக்கு ஆளானவருக்குத் தனி ஏற்பாடு உண்டு. வெளிநாட்டில் மகளைக் கட்டிக்கொடுத்த ஒவ்வொரு தாயும் இதை மகளின் காதில் போட்டு வைக்க வேண்டும்.

நிக்காஹ் விளையாட்டல்ல

இனி மார்க்கத்துக்கு வருவோம். நிக்காஹ், தலாக், மீட்டுக்கொள்ளுதல் ஆகிய மூன்றும் விளையாட்டாகச் செய்தாலும் மெய்யாகிவிடும் என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூத், திர்மிதீ போன்ற தொகுப்புகளில் உண்டு. இதன் விளைவைக் கவனியுங்கள்.

ஒருவன் வலியையும் இரு சாட்சிகளையும் வைத்து, ஈஜாப் கபூலோடு ஒரு முஸ்லிம் பெண்ணை மணந்தால், அவன் மனதில் ‘இது விசாவுக்கு மட்டும்’ என்றிருந்தாலும் அவள் அவனுடைய மனைவிதான். மஹர் கடமை, செலவு கடமை. அவன் மௌத்தானால் அவளுக்கு வாரிசுப் பங்கும் உண்டு. ‘மூன்று ஆண்டுக்கு மட்டும்’ என்று ஒப்பந்தத்திலேயே காலக்கெடு வைத்தால், நம் ஷாஃபிஈ மத்ஹபின்படி அந்த நிக்காஹே செல்லாது. மனதில் மட்டும் மறைத்து வைத்திருந்தால் நிக்காஹ் செல்லும். ஆனால் வாழ்நாள் துணை என்று நம்பி வந்த ஒரு பெண்ணை ஏமாற்றிய பாவம் அவன் கழுத்தில் கிடக்கும். வலியும் சாட்சியும் இல்லாமல் வெறும் பதிவுக் கையெழுத்து என்றால் அது நிக்காஹே அல்ல. அந்தப் பெயரில் ஒரே வீட்டில் வாழ்வதற்கு மார்க்கத்தில் இடமில்லை.

இன்னும் பயங்கரமானது மறுபக்கம். “இங்குள்ள மனைவியைக் கடதாசியில் மட்டும் விவாகரத்துச் செய்துவிடு, அங்கே வேலை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்” என்ற யோசனையையும் சிலர் கொடுக்கிறார்கள். நம் நாட்டின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டப்படி, காதி நீதிபதியின் முன்னால் சாட்சிகளை வைத்துத் தலாக் சொல்ல வேண்டும். வாயால் தெளிவாகச் சொன்ன தலாக்குக்கு ‘கடதாசிக்கு மட்டும்’ என்ற விதிவிலக்கு கிடையாது. சொன்னால் விழுந்துவிடும். இத்தா முடிந்தும் மீட்டுக்கொள்ளாவிட்டால் அவள் அந்நியப் பெண். ‘சும்மாதானே சொன்னேன்’ என்று அவன் திரும்பி வந்து நின்றால், புதிய நிக்காஹ் இல்லாமல் அந்த வீட்டு வாசற்படியை அவன் தாண்டக்கூடாது.

தலாக்கும் சொல்லாமல், மனைவியை மறைத்து, ‘நான் தனியன்’ என்று அங்கே கையெழுத்துப் போட்டால்? அதுதான் அந்தச் சீட்டில் இருந்த நிலைமை. நம் சட்டத்தில் ஒரு நிக்காஹ் பதியப்படவில்லை என்பதால் மட்டும் செல்லாததாகிவிடாது. எந்த நாட்டில் முடிந்ததோ அந்நாட்டில் செல்லும் திருமணத்தை இங்கிலாந்தின் சட்டமும் பொதுவாக ஏற்கும். ஆகவே லுணுகலையில் நிக்காஹ் முடித்தவன் லண்டனிலும் திருமணமானவன்தான். அவன் அங்கே செய்யும் பதிவுத் திருமணம் செல்லாது. அது இருதார மணக் குற்றமும் ஆகும். பொய் வாக்குமூலம் வேறு. விசாவும் போய், பெயரும் கெட்டு, மறுபடி நுழையவும் முடியாமல் போகலாம்.

இதற்கு நேர்மாறான ஆபத்து ஒன்று பெண்பிள்ளைகளுக்கு உண்டு. அங்கே பள்ளிவாசலிலோ வீட்டிலோ நிக்காஹ் மட்டும் ஓதி, அரசாங்கப் பதிவு செய்யாமல் விட்டால், இங்கிலாந்தின் சட்டத்தில் அவள் மனைவியாகக் கருதப்படுவதில்லை. 2020இல் அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. பத்தாண்டு வாழ்ந்த பின் அவன் கைவிட்டாலும், மனைவி என்ற முறையில் வீட்டிலும் சொத்திலும் பங்கு கேட்டு அவள் விவாகரத்து நீதிமன்றத்தை நாட முடியாது. “அல்லாஹ்வுக்கு முன்னால் முடிந்துவிட்டதே, பதிவு எதற்கு?” என்று கேட்கும் மாப்பிள்ளையிடம், “அல்லாஹ்வுக்கு முன்னால் முடிந்ததை அரசாங்கத்துக்கு முன்னால் சொல்ல உங்களுக்கு என்ன தடை?” என்று கேளுங்கள்.

சோதனைக்கு அஞ்ச வேண்டாம்

உண்மையாகவே மணந்த பிள்ளைகள்கூட விசா அதிகாரியின் கேள்விகளைக் கண்டு மனம் நோகிறார்கள். எங்கே சந்தித்தீர்கள், வீட்டு வாடகை யார் தருவது, மாமியாரின் பெயர் என்ன என்று துருவித் துருவிக் கேட்கிறார்களாம். ஆனால் இது நமக்குப் புதிதல்ல. மக்காவிலிருந்து ஹிஜ்ரத் செய்து மதீனாவுக்கு வந்த பெண்களைச் சோதித்தறியுமாறு அல்குர்ஆன் கட்டளையிட்டது. அந்த அத்தியாயத்தின் பெயரான ‘அல்மும்தஹினா’வே சோதனை என்ற பொருளிலிருந்து வந்ததுதான். கணவன் மீதுள்ள வெறுப்பால் வரவில்லை, ஓர் ஊரை விட்டு இன்னோர் ஊர் மேல் கொண்ட ஆசையால் வரவில்லை, உலக ஆதாயம் தேடி வரவில்லை என்று அவர்களிடம் சத்தியம் வாங்கியதாக இப்னு அப்பாஸ் (ரலி) வழியாகத் தஃப்ஸீர் நூல்களில் விளக்கம் வருகிறது. எண்ணத்தைப் பற்றிய புகழ்பெற்ற ஹதீஸில், ஒரு பெண்ணை மணப்பதற்காக நாடு விட்டவனுக்கு அந்தத் திருமணம்தான் கூலி என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். அவன் திருமணத்துக்காக நாடு மாறினான். இன்று சிலர் நாடு மாறுவதற்காகத் திருமணம் செய்கிறார்கள். எண்ணம் சுத்தமாக இருப்பவருக்குக் கேள்வி ஒரு சிரமம் மட்டுமே. எண்ணம் கெட்டவருக்கோ அதுவே பொறி.

ஆகவே தாய்மார்களே, வெளிநாட்டில் படிக்கும் மாப்பிள்ளை என்று வரன் வந்தால் சீதனக் கணக்கைப் பேசுவதற்கு முன் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் எந்த விசாவில் இருக்கிறார், அது எப்போது முடிகிறது? இதற்கு முன் எங்காவது நிக்காஹோ பதிவுத் திருமணமோ செய்திருக்கிறாரா? மகளை எந்த விசாவில், எத்தனை மாதத்தில் அழைப்பார்? நிக்காஹ் முடிந்த கையோடு விவாகப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். அதன் பிரதியும் ஆங்கில மொழிபெயர்ப்பும் மகள் கையிலும் இருக்கட்டும். அவளுடைய கடவுச்சீட்டு அவளிடமே இருக்கட்டும். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் தாய்மாரே, அவன் கடனை எண்ணிப் பயந்து தவறான கையெழுத்துப் போட்டுவிடாமல், “முடியாவிட்டால் வந்துவிடு மகனே, கடனைச் சேர்ந்து கட்டுவோம்” என்ற ஒரு வார்த்தையை அவனுக்குச் சொல்லி வையுங்கள். தொலைபேசியில் அந்த ஒரு வார்த்தையைக் கேட்காததால்தான் பல பிள்ளைகள் தரகரின் வார்த்தையைக் கேட்கிறார்கள்.

சீட்டு எழுதிய அந்தத் தாயிடம் நான் சொன்னது இதுதான்: “உம்மா, இது கூடாது. மகனுக்கு இன்றிரவே சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன் மருமகளைப் பக்கத்தில் உட்காரவைத்து விஷயத்தைச் சொல்லுங்கள். அவளுடைய வாழ்க்கையைப் பற்றிய முடிவு, அவளுக்குத் தெரியாமல் ஒரு தொலைபேசிக்குள் நடக்கக்கூடாது. அங்கே பெயருக்குக் கையெழுத்துப் போட இருந்தாளே ஒருத்தி, அவளும் யாரோ ஓர் உம்மாவின் மகள்தான்.”

திரைக்கு அப்பால் சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, “சரி மௌலவி, அவளைக் கூப்பிட்டுச் சொல்லிடுறேன்” என்றார்கள். அல்லாஹ் அந்த வீட்டுக்கு ஹலாலான வழியில் பரக்கத்தைத் தருவானாக. ஆமீன்.